மின்சாரத்தை ‘வீணடிக்கும்’ பெட்டி

காலை ஏழு மணி. தேக்காவில் பூக்கடைகள் திறந்துகொண்டிருந்தன. சிராங்கூன் சாலைக்குப் பின்புறம், ஒரு வர்த்தகக் கட்டடத்தின் சரக்கு இறக்கும் இடத்தில், ஆளுயர இரும்புப் பெட்டிக்குள் நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக விடுமுறையில் கிடைத்த வேலைப் பயிற்சியின் மூன்றாவது வாரம் அது.

அந்தப் பெட்டியின் பெயர் லோட் பேங்க். வங்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தை வாங்கி, வெப்பமாக மாற்றி, வெளியே ஊதிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே வரிசையாக நிக்ரோம் கம்பிச் சுருள்கள், அவற்றைத் தாங்கும் பீங்கான்கள், ஒரு பெரிய மின்விசிறி. நாங்கள் கொண்டுபோனது 500 கிலோவாட் பெட்டி. 2 கிலோவாட் மின்கெண்டிகள் 250ஐ ஒரே நேரத்தில் கொதிக்க வைப்பதற்குச் சமம்.

எதற்கு இந்த வீண்செலவு? 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்கு சிங்கப்பூரின் 19 வட்டாரங்களில் மின்சாரம் நின்றது. ஏறத்தாழ 146,800 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். 38 நிமிடங்களில் மின்சாரம் முழுமையாகத் திரும்பியது. அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவனான நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அத்தகைய நேரத்தில் தீயணைப்பாளர் மின்தூக்கியும் அவசர விளக்குகளும் கட்டடத்தின் ஜெனரேட்டரை நம்பியே இருக்கும்.

அதை மாதம் ஒருமுறை சும்மா ஓடவிட்டு நிறுத்தினால் போதாது. சுமை குறைந்தால் டீசல் இயந்திரத்தில் போதிய சூடு ஏறாது. முழுதாக எரியாத எரிபொருளும் கரியும் புகைபோக்கியில் படியும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 110 விதிமுறைப்படி, மாதாந்தரச் சோதனையில் 30 விழுக்காட்டுச் சுமையை எட்ட முடியாத டீசல் ஜெனரேட்டரை, ஆண்டுக்கு ஒருமுறை 50 விழுக்காட்டில் அரைமணி நேரமும் 75 விழுக்காட்டில் ஒரு மணி நேரமும் ஓட்டவேண்டும். அந்தச் சுமையைத் தருவதுதான் இந்தப் பெட்டி. (மின்பொறியியல் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: இதன் திறன் காரணி 1. ஜெனரேட்டர்களோ பெரும்பாலும் 0.8க்கு வடிவமைக்கப்படுகின்றன. ஆக, இயந்திரம் முழுச் சோதனை பெறும், ஆல்டர்னேட்டர் பெறாது.)

ஆனால் சோதிக்கும் பெட்டியையே யார் சோதிப்பது? அதற்குத்தான் என் கையில் ஒரு பட்டியல். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டபின் பார்க்கவேண்டியவை: காய்ந்த இலை, பறவைக்கூடு, விரிசல் விட்ட பீங்கான், அறுந்த சுருள், சூட்டில் நிறம் மாறிய இணைப்பு, தளர்ந்த திருகு. நம் ஊர் ஈரப்பதத்தில் நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டி என்றால் மெக்கர் வைத்து மின்காப்பையும் அளக்கவேண்டும். முழுச் சுமையில் ஒவ்வொரு கம்பியிலும் ஏறக்குறைய 720 ஆம்பியர் பாயும். ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் கொதிக்கும்.

எல்லாம் பார்த்தாயிற்று. பூட்டை எடுத்து, ஜெனரேட்டரை இயக்கி, முதலில் விசிறியை மட்டும் ஓடவிட்டோம். சுழன்றது. ‘விசிறி’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

“எந்தப் பக்கம் சுத்துது தம்பி?” என்றார் தஞ்சாவூர்க்கார அண்ணன். இந்த வேலையில் பதினைந்து ஆண்டு அனுபவம் அவருக்கு.

“நல்லாத்தான் சுத்துது அண்ணே.”

ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். காற்றை உள்ளிழுக்கும் கம்பிவலையருகே பிடித்தேன். வலையோடு ஒட்டவேண்டிய தாள் என் முகத்தை நோக்கிப் பறந்தது. கேபிள் இணைக்கும்போது மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிவிட்டோம். விசிறி தலைகீழாகச் சுழன்றுகொண்டிருந்தது. அப்படிச் சுழன்றாலும் கொஞ்சம் காற்று வரும். சுருள்களைக் குளிர்விக்கப் போதாது.

“காற்று குறைஞ்சா சுமையைத் துண்டிக்கத்தான் சுவிட்ச் இருக்கே?” என்று கேட்டேன். கொஞ்சம் ரோஷம்தான்.

“அதைக் கடைசியா எப்போ சோதிச்சாங்க? தேதி போட்டிருக்கா பாரு.”

அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

கம்பிகளை மாற்றிப் பொருத்தினோம். விசிறியை நிறுத்திவைத்து, மிகச் சிறிய சுமையை மட்டும் கொடுக்க முயன்றோம். பெட்டி ஏற்கவில்லை. சுவிட்ச் வேலை செய்தது. இன்றைய தேதியை எழுதினேன். அதன் பிறகே உண்மையான சோதனை தொடங்கியது. ஒவ்வொரு படியாகச் சுமை ஏறும்போது ஜெனரேட்டரின் குரல் ஒரு கணம் தாழ்ந்து மீண்டது. புகைபோக்கியில் முதலில் கரும்புகை, பிறகு மெல்ல வெளுத்தது. சுமையை எடுத்தபின்னும் சுருள்கள் ஆறும்வரை விசிறியை ஓடவிட்டோம்.

அந்த இடைவேளையில் விசிறிக்கான டிக்கை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தாள் வலையோடு ஒட்டியது’ என்று எழுதினேன். அண்ணன் படித்துச் சிரித்தார். அழிக்கச் சொல்லவில்லை.