மத்திய கால வீரனின் தலைக்கவசம்

பிரான்ஸ் தேசத்துப் பாயோ நகரின் செல்வமாகப் போற்றப்படும், ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள புராதனப் பூவேலைத் துணியொன்றில், 1066-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஹேஸ்டிங்ஸ் யுத்தம் காட்சி காட்சியாகத் தைக்கப்பட்டிருக்கிறது. தலைவன் மாண்டுவிட்டான் என்ற வதந்தி பரவி நார்மண்டிச் சைனியம் கலையத் தொடங்கிய வேளையில், வில்லியம் பிரபு குதிரைமேல் இருந்தபடியே தம் தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளி, தாம் உயிரோடிருப்பதைத் தம்மவர்க்குக் காட்டும் காட்சி அவற்றுள் ஒன்று. அவர் அணிந்திருந்ததோ, மூக்கின்மேல் ஒரு பட்டை மாத்திரம் இறங்கி, கன்னமும் வாயும் திறந்திருந்த கூம்புக் கவசம். அதை அணிந்தவரையே சொந்தப் படை இனம் கண்டுகொள்ள இயலவில்லையென்றால், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் முகம் முழுவதையும் இரும்புக்குள் அடைத்துக்கொண்டு களம் புகுந்த நைட்டுகள் எனப்படும் குதிரை வீரர்கள், கவசத்தின் உச்சியில் பறவையென்றும் சிங்கமென்றும் குலச் சின்னங்களைச் சூடத் தலைப்பட்டதில் வியப்பென்ன இருக்கிறது!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பரவிய அந்த முழுமூடு கவசத்தை ஆங்கிலேயர் கிரேட் ஹெல்ம் என்பார்கள். தட்டையான உச்சியும், கண்களுக்கு நேராகக் குறுக்கே வெட்டிய மெல்லிய பிளவும், மூச்சு விடுவதற்கான சிறு துளைகளும் கொண்ட அது வெறுந்தலையில் அமர்வதன்று. பஞ்சு அடைத்துத் தைத்த துணிக் குல்லாய், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த முக்காடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த பின்னரே அதைக் கவிழ்த்துக்கொள்வார்கள். அடியின் வேகத்தைத் தாங்குவதில் இரும்புக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அந்தத் துணி மெத்தைக்கும் உண்டு என்பதை இன்று கவசம் வாங்குகிறவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தலைக்கவசத்தின் சரித்திரம் முழுவதும், என் கருத்தில், பாதுகாப்புக்கும் பார்வைக்கும் சுவாசத்துக்கும் இடையே நடந்த ஓயாத போராட்டமே. கண்பிளவை அகலமாக்கினால் ஆயுத முனை நுழையும். குறுக்கினால் பக்கத்தில் வரும் எதிரி புலப்படமாட்டான். எதிரியின் ஈட்டி பெரும்பாலும் இடப்பக்கத்தையே நாடி வருமாகையால், மூச்சுத் துளைகளை வலப்பக்கத்தில் மிகுதியாக இட்டு, இடப்பக்கத்துத் தகட்டின் வலிமையைக் குலையாமல் காத்த கொல்லர்களின் விவேகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தட்டை உச்சி வாள்வீச்சின் வேகத்தையெல்லாம் தானே வாங்கிக்கொள்வதை அனுபவத்தில் கண்டு, பின்வந்தவர்கள் உச்சியைக் குவித்து, வெட்டு வழுக்கிச் செல்லும்படி செய்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் பாசினெட் என்ற கூர்உச்சிக் கவசம் செல்வாக்குப் பெற்றது. முகமூடியைத் தூக்கிவிட்டுக் காற்று வாங்க இடமளித்தது அதன் பெரிய அனுகூலம். சாலெட், ஆர்மெட் முதலியவை பின்னர் வந்தன.

பந்தய மைதானத்தில் இருவர் எதிரெதிரே குதிரையை விரட்டி ஈட்டியால் மோதும் கேளிக்கைக்கென்றே எழுந்த தவளைவாய்க் கவசம் தனித்துச் சொல்லத்தக்கது. வீரன் முன்குனிந்து பாய்ந்து வரும்போது மாத்திரமே அதன் பிளவு வழியே எதிராளி தெரிவான். ஈட்டி தாக்கும் கணத்தில் தலையை நிமிர்த்திவிட்டால் கண்களுக்கு முன்னே கீழுதட்டின் கனத்த இரும்பு எழுந்து மறைத்துக்கொள்ளும். போர்க்களக் கவசம் இரண்டு மூன்று கிலோ எடையோடு நிற்க, இதுவோ 8 கிலோவையும் எட்டும். மார்புக் கவசத்தோடு அதை முடுக்கிவிடுவதால் அந்தப் பாரம் கழுத்தில் இறங்காமல் தோளில் இறங்கும். விளையாட்டுத்தானே என்று இதை எண்ணுவதற்கில்லை. 1559-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த பந்தயத்தில், முறிந்த ஈட்டியின் சிம்பு முகமூடியைக் கடந்து புகுந்து பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியைக் காயப்படுத்த, சில தினங்களுக்குள் அவர் உயிர் துறந்தார்.

கிரேட் ஹெல்ம்களில் மெய்யாகவே அக்காலத்தவை என்று கருதத்தக்கவை இன்று மிகச் சிலவே. 1376-இல் மறைந்த, கறுப்பு இளவரசர் எனப்பட்ட ஆங்கில இளவரசரின் கவசம் கேன்டர்பரி தேவாலயத்தில் இருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்னதாக இறந்த சர் ரிச்சர்ட் பெம்பிரிட்ஜ் என்பவரின் கவசம், ஹியர்ஃபோர்ட் தேவாலயத்தில் அவருடைய கல்லறைக்கு மேலே தொங்கியிருந்து, பல கை மாறி, இப்போது எடின்பரோ அருங்காட்சியகத்தை அடைந்திருக்கிறது. கைத்திறனின் உச்சத்தைக் காண விரும்புகிறவர்கள் இதைத்தான் காண வேண்டும். மூன்றே தகடுகளை ஆணியிட்டு இணைத்த இந்தக் கவசத்தில், ஈட்டி முனை பற்றிக்கொள்வதற்கு ஓரிடமும் விட்டுவைக்காமல், கண்பிளவின் விளிம்பு முதற்கொண்டு அடி விளிம்புவரை ஒவ்வொரு வளைவையும் சிந்தித்துச் செய்திருக்கிறார்கள்.

இத்தகைய பொருள்கள் அருகிவிட்ட காலத்தில்தான் போலிகள் பெருகின. ஸ்காட்லாந்தின் எக்ளின்டன் கோட்டையில் 1839-இல் பிரபுக்கள் கூடி, பழைய ஈட்டிப் பந்தயத்தைக் கொட்டும் மழையில் மீண்டும் நடத்திப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கவசம் கொடுத்தவர் பிராட் என்ற லண்டன் வியாபாரி. கவசம் சேர்க்கும் மோகம் தலையெடுத்த அக்காலத்தில் அவருக்காகவே ஒரு கைவினைஞர் செய்துகொடுத்த போலிக் கிரேட் ஹெல்ம்கள் அசல் என்ற பெயரில் விலைபோயின. பழங்காலக் கொல்லன் அடி விழும் முன்புறத்திலும் உச்சியிலும் தகட்டைத் தடிப்பாக விட்டு, மற்ற இடங்களில் மெலித்து, எடையைச் சிக்கனம் செய்தான். ஆலையில் உருட்டிய தகட்டுக்கோ எங்கும் ஒரே கனம். ஆகவே கவசத்தின் வெளி மினுக்கைப் பார்த்து மயங்காமல், உட்புறத்துச் சம்மட்டித் தழும்பையும் விளிம்பின் கனத்தையும் நாடிப் பார்ப்பதே சேகரிப்பவருக்கு உரிய முதற்பரீட்சை.

அசலென்று கூறி விற்காத வரையில், புதிதாகச் செய்த பிரதி இழிவானதன்று. 1966-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தோன்றி, மத்திய காலப் போர்முறையை மீண்டும் நடத்திப் பார்க்கும் கிரியேட்டிவ் அனக்ரோனிசம் சங்கத்தார் பிரம்பு வாள்களால் முழுப்பலத்தோடு மோதுகிறார்கள்; தலைக்கவசத்தின் தகடு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, முகக் கம்பிகளின் இடைவெளியில் 2.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கோல் புகக் கூடாது, உள்ளே மெத்தை இருந்தே தீர வேண்டும் என்பவை அவர்களுடைய கட்டளைகள். நம் நாட்டு டேராடூனில் வார்த்தும் அடித்தும் உருவாகும் வாள்களும் கவசங்களும் மேல்நாட்டு ஆர்வலர்களின் கைக்குச் சென்று சேர்கின்றன.

ஆயினும் சுவரில் மாட்டுவதற்கென்று மெல்லிய தகட்டில் செய்ததை அணிந்துகொண்டு ஒருவரும் களத்தில் இறங்கிவிடக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் இந்த எச்சரிக்கையை வற்புறுத்திச் சொல்லுகிறேன். வாங்குகிறவர் தகட்டின் கனத்தை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, குல்லாயோடு அணிந்து, மோவாய் வாரை இறுக்கி, தலையை உதறிப் பார்க்க வேண்டும். தலை ஒரு பக்கமும் கவசம் வேறொரு பக்கமும் திரும்புமானால் அது எவ்வளவு அழகாயிருப்பினும் அவருக்கு உரியதன்று. கடற்காற்று வீசும் ஊர்களில், தொட்ட விரலின் ஈரமே துருவுக்கு வித்தாகும். ஒவ்வொரு முறை கையாண்ட பின்னும் உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் பூசி, உள்மெத்தையைத் தனியே கழற்றி வெயிலில் காயவைக்க வேண்டும்.