புதுக் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லையா? பதற வேண்டாம்!

மைசூர் அசோகபுரம் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகப்பனாருக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். இங்கே ஒரு ஆலையில் குமாஸ்தா. மகன் இந்த ஆண்டுதான் இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். "கடையில் செய்து வைத்திருப்பதை வாங்கினால் விலை கூடுதல், அப்பா. பாகங்களை வாங்கிக் கொடுங்கள், நானே பூட்டி விடுகிறேன்" என்கிறான். தகப்பனார் பி.எப். பணத்தில் கடன் எடுக்கிறார். பாதி சாமான் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. மீதி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, காவேரி எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் மடியில் வைத்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எல்லாம் பூட்டியாகிவிட்டது. சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, தாயார் கையால் பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்துகிறார். விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை. சத்தமே இல்லை.

"மதர்போர்டு போச்சு" என்கிறான் பையன். முகம் வெளுத்து விடுகிறது.

பெரும்பாலான வீடுகளில் முதலில் வரும் தீர்ப்பு இதுதான். பெரும்பாலும் தப்பான தீர்ப்பும் இதுதான். இதை நம்பி, மறுநாள் லீவு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு ஓடினால் ஒரு நாள் சம்பளமும் டிக்கெட் காசும் போகும். அது மட்டுமா? அவசரத்தில் கழற்றும்போது பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் தலைமுடி போன்ற ஊசி ஒன்று வளைந்துவிட்டால் வாரண்டியும் போய்விடும். நல்ல நிலையில் இருந்த சாமானை நம் கையாலேயே கெடுத்துக் கொண்டதாக முடியும்.

பாதியில் நின்று பார்!

பக்கத்து வீட்டு மாமா ரயில்வே சிக்னல் பிரிவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கோளாறு கண்டுபிடிக்கத் தெரியும். "கரண்ட் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வருகிறது, எங்கே நிற்கிறது? அதை மட்டும் பாருடா தம்பி" என்கிறார்.

மைசூர்ச் சீமைக்கு மின்சாரம் நேற்று வந்ததல்ல. 1902ஆம் ஆண்டிலேயே காவிரிக் கரையில் உள்ள சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு போனார்கள். நம் வட ஆற்காட்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த அதே தங்கவயல்தான். இத்தனை நீளக் கம்பியில் கோளாறு என்றால் எல்லாக் கம்பங்களையுமா பிடுங்கிப் பார்ப்பார்கள்? பாதி வழியில் நின்று, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பார்கள். பிறகு அந்தப் பாதியில் பாதி. கம்ப்யூட்டருக்கும் இதுவே வழி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். நாலு வயரை ஒன்றாகப் பிடுங்கிச் செருகினால், மிஷின் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். அதே பிளக்கில் ஒரு டேபிள் விளக்கைச் செருகினால் தெரிந்து போகிறது. அடுத்தது, ஸ்பைக் பஸ்டர் பலகையின் சுவிட்ச். அதற்கடுத்து, பெட்டியின் பின்னால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள சிறு சுவிட்ச். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஓடும். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஓடாது. சிரிக்க வேண்டாம், இந்த வட்டத்தால் நடுராத்திரி வரை விழித்தவர்கள் உண்டு. பழைய எஸ்.எம்.பி.எஸ். வாங்கியவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அமெரிக்க வழக்கப்படி 115இல் இருப்பதை நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் பட்டாசுச் சத்தம்தான் கேட்கும்.

கார்டு காட்டும் பச்சைக் கொடி

பட்டனை அழுத்தினால் மின்சாரம் நேராகப் பாய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1995இல் இன்டெல் கம்பெனி வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில் அப்படி இல்லை. பிளக்கைச் செருகியவுடனேயே 5 வோல்ட் மின்சாரம் மட்டும் மதர்போர்டில் காவல் நிற்கும். பட்டன், போர்டுக்குச் சொல்கிறது. போர்டு, ஒரு வயர் வழியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்புகிறது. எஸ்.எம்.பி.எஸ். எழுந்து, தன் வோல்ட்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்ததும், "சரி, புறப்படலாம்" என்று இன்னொரு வயரில் பதில் சொல்கிறது. டிரைவர் தயாராக இருந்தாலும் கார்டு பச்சைக் கொடி காட்டாமல் வண்டி நகருமா? அதைப் போல இந்தப் பதில் கிடைக்கும் வரை பிராசசர் வேலையைத் தொடங்காது. இத்தனையும் ஒரு வினாடிக்குள் நடந்து முடிகிறது.

பட்டன் என்பது வெறும் இரண்டு வயர். போர்டின் ஓரத்தில் நெல்மணி அளவு ஊசிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் குறிப்பிட்ட இரண்டில் அதைச் செருக வேண்டும். ஒரு ஊசி தள்ளிச் செருகினாலும் பட்டன் செத்த பட்டன்தான். புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். எழுத்தோ எறும்பு அளவு.

மாமா டார்ச் பிடிக்கிறார். பையன் போர்டோடு வந்த புத்தகத்தைப் பிரிக்கிறான். முதல் முறையாக! படத்தோடு ஒப்பிட்டால், பட்டன் வயர் 'ரீசெட்' ஊசிகளில் உட்கார்ந்திருக்கிறது. பட்டனைச் சந்தேகிப்பவர்கள் ஸ்குரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். மிஷின் ஓடினால், குற்றவாளி பட்டனும் அதன் வயரும்தான்.

வயரை மாற்றிச் செருகியதும் விசிறிகள் சுற்றுகின்றன. தாயார் கை தட்டுகிறார். ஆனால் திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது.

இது வேறு கோளாறு. எதுவுமே அசையாதது ஒரு வகை, விசிறி சுற்றியும் படம் வராதது இன்னொரு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது வகையில் முதலில் பார்க்க வேண்டியது, பிராசசருக்கென்று தனியாகப் போகும் மின்சார வயர். போர்டின் மேல் மூலையில் 4 அல்லது 8 ஓட்டைகளுடன் இருக்கும். பெரிய 24 பின் பிளக்கைப் பூட்டியவர்கள் இதை மறந்து விடுகிறார்கள். நம் பையனும் மறந்திருக்கிறான். விசிறிக்குப் பின்னால் அது மறைந்தே கிடந்தது.

அடுத்தது ராம். 'டக்' என்று தாழ் விழும் வரை இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும். பயந்து பயந்து அழுத்துவதால்தான் பாதியில் நிற்கிறது. இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுப் பார்க்கலாம். மானிட்டர் வயரை, கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது மதர்போர்டில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று அழுபவர்களும் உண்டு.

இத்தனைக்கும் மசியாவிட்டால் போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசசர், அதன் விசிறி, ஒரு ராம் ஆகியவற்றோடு மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிராசசரிலேயே படம் காட்டும் வசதி இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். வெளியே ஓடினால், உள்ளே ஏதோ ஒரு பித்தளைக் கால் தப்பான இடத்தில் நின்று போர்டின் முதுகில் ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம்.

சிறிய காரணம் பெரிய மிஷினை நிறுத்துவது புதிதல்ல. 1947 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது, ரிலேயில் சிக்கியிருந்தது ஒரு விட்டில் பூச்சி! அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கை வைக்கக் கூடாத இடம்

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே 230 வோல்ட் மாறி, சுமார் 325 வோல்ட்டாகக் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளை அடிக்கும். ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கழற்றும் வயரை இன்னொன்றில் செருகுவதும் ஆபத்து. பிளக் பொருந்தும், உள்ளே வரிசை மாறியிருக்கும், டிஸ்க் கருகிப் போகும். வயரைக் கழற்றும் முன்பும் பூட்டும் முன்பும் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கிறதா? பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கும், எர்த் இருக்காது. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்தாவது கூப்பிட வேண்டும்.

அசோகபுரத்து வீட்டில் 8 பின் வயரும் பூட்டியாகிவிட்டது. மறுபடியும் பட்டன். விசிறி சுற்றுகிறது. திரை இன்னும் கறுப்பு. பையன் கை பட்டனை நோக்கிப் போகிறது. "பொறுடா" என்கிறார் மாமா. நல்ல வேளை! டி.டி.ஆர். 5 வகைப் புது ராம் போட்ட மிஷின், முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. இது தெரியாமல் நிறுத்தி நிறுத்திப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தகப்பனார் சுவர்க் கடிகாரத்தையே பார்க்கிறார். நாலாவது நிமிடத்தில் திரை வெளுத்து, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத்து வருகிறது. துவங்குவதற்கு டிஸ்க்கில் ஒன்றும் இல்லை என்கிறது.

"இன்னும் என்னடா கேட்கிறது?" என்கிறார் தாயார்.

"கோளாறு இல்லை அம்மா. இனிமேல்தான் விண்டோஸ் போடணும். அப்பா, ஒரு பென் டிரைவ் வாங்கக் காசு வேண்டும்."