1089: கணக்கில் ஒரு கண்கட்டு வித்தை

வெறுங்கையிலிருந்து நாணயத்தை வரவழைக்கும் வித்தைக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருடைய இரகசியம் வெளிப்பட்டுவிட்டால் வேடிக்கையும் அத்துடன் முடிந்துவிடும். எண்களைக் கொண்டு செய்யும் வித்தையிலோ, இரகசியம் தெரிந்த பிறகுதான் சுவை மிகுகிறது. இதற்குக் கைத்திறன் வேண்டியதில்லை. துண்டுத் தாளும் பென்சிலும் போதும்.

உறைக்குள் ஓர் எண்

ஒரு தாளில் 1089 என்று எழுதி, மடித்து, உறையிலிட்டு ஒட்டி நண்பர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பிறகு வேறொருவரை அழைத்து, தாம் விரும்பும் மூன்று இலக்க எண் ஒன்றை உங்களுக்குக் காட்டாமல் எழுதச் சொல்லுங்கள். அவர் 732 என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதைத் திருப்பி எழுதினால் 237. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். கிடைத்த விடையைத் திருப்பி எழுதி, அவ்விரண்டையும் கூட்ட வேண்டும்.

732 − 237 = 495
495 + 594 = 1089

இப்போது உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளேயும் 1089! 851 என்ற எண்ணை எடுத்தாலும் இதுவே விடை. 851 − 158 = 693; 693 + 396 = 1089.

நாலைந்து எண்களுக்குச் சரியாக வந்துவிட்டதால், எல்லா எண்களுக்கும் வரும் என்று நம்பி மேடை ஏறிவிடலாமா? அங்கே ஒருவர் 564 என்று எழுதுகிறார். 564 − 465 = 99. இதைத் திருப்பினாலும் 99தான். கூட்டினால் 198. உறையிலோ 1089! சபையில் ஒரே சிரிப்பு. வழிமுறையை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தலைகுனிய நேரும். காரணம் அறிந்தவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே காரணத்தைப் பார்ப்போம்.

காரணம் என்ன?

நண்பர் எழுதிய எண் நமக்குத் தெரியாது. அதனால் நூறாமிட இலக்கத்தை அ என்றும், பத்தாமிட இலக்கத்தை இ என்றும், ஒன்றாமிட இலக்கத்தை உ என்றும் கொள்வோம். அ, உ இரண்டில் அ பெரியது என்க. உ பெரியதானால் முதலிலுள்ள எண்ணும் திருப்பிய எண்ணும் இடம் மாறும், வேறு மாற்றமில்லை.

எழுதிய எண்: 100அ + 10இ + உ
திருப்பிய எண்: 100உ + 10இ + அ
கழித்தால்: 99அ − 99உ = 99 × (அ − உ)

நடு இலக்கம் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். அ − உ என்பது 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும். எனவே கழித்து வரும் விடைகள் மொத்தம் ஒன்பதே:

099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891

ஒவ்வொன்றிலும் நடு இலக்கம் 9. முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் கூட்டினால் அதுவும் 9. இத்தகைய எண்ணைத் திருப்பிக் கூட்டும்போது ஒன்றாமிடத்தில் 9, பத்தாமிடத்தில் 9 + 9 = 18, நூறாமிடத்தில் 9 கிடைக்கும். 900 + 180 + 9 = 1089. மூன்று எழுத்துகள் நூற்றுக்கணக்கான எண்களுக்கு ஒரே வீச்சில் பதில் சொல்லிவிட்டன.

சறுக்கும் இடம்

564இல் நேர்ந்த பிழை இப்போது புலப்படும். விடையை 99 என்று எழுதாமல் 099 என்று எழுதியிருக்க வேண்டும். 099 + 990 = 1089. முன்னால் நிற்கும் பூச்சியத்துக்கும் இங்கே மதிப்பு உண்டு. 363 போல முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் ஒன்றாக இருந்தாலோ, கழித்தால் மிஞ்சுவது பூச்சியமே, வித்தை நடக்காது.

மூன்று இலக்க எண்கள் மொத்தம் 900. அவற்றுள் 90 எண்கள் 363ஐப் போன்றவை. 170 எண்கள் 564ஐப் போன்றவை. அதாவது, நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட எண்கள் விவரம் அறியாதவரைக் கவிழ்த்துவிடும். "முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைந்தது 2 வேறுபாடு இருக்கட்டும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மீதியுள்ள 640 எண்களில் எது வந்தாலும் நீங்கள்தான் வெற்றியாளர்.

மறைத்த இலக்கம்

ஒரே சபையில் 1089ஐ இருமுறை காட்டக் கூடாது. இரண்டாவதாக இதைச் செய்யுங்கள். நண்பர் ஓர் ஐந்து இலக்க எண்ணை எழுதட்டும். அதே இலக்கங்களை வரிசை மாற்றி வேறோர் எண் அமைக்கட்டும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கட்டும். 73258 − 52837 = 20421. விடையில் பூச்சியம் அல்லாத ஓர் இலக்கத்தை மறைத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் சொல்லட்டும். 4ஐ மறைத்து 2, 0, 2, 1 என்கிறார். கூட்டினால் 5. ஒன்பதுக்கு 4 குறைகிறது. மறைத்த இலக்கம் அதுவே! கூட்டுத்தொகை 9க்கு மேல் போனால் 18, 27 என அடுத்து வரும் 9இன் மடங்கைப் பாருங்கள். கூட்டுத்தொகையே 9இன் மடங்காக இருந்தால் மறைத்தது 9.

10 என்பது 9 + 1. 100 என்பது 99 + 1. ஆகவே ஓர் எண்ணை 9ஆல் வகுத்தாலும், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை 9ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றே. வரிசை மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. இரண்டின் மீதியும் ஒன்றாதலால், அவற்றின் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடும். அப்படி வகுபடும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 9இன் மடங்கே வரும்.

இது வெறும் வேடிக்கை அன்று. கடைக் கணக்கில் 540 என்பதை 450 என்று எழுதிவிட்டால் 90 ரூபாய் துண்டு விழும். கணக்கு நேராகாமல் வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், எங்கேனும் இலக்கங்கள் இடம் மாறினவா என்று கணக்கர்கள் தேடுவதுண்டு. வேறு பிழையாலும் அப்படி வரக்கூடும். ஆயினும் தேடத் தொடங்குவதற்கு இது நல்ல துப்பு.

நீங்களே செய்து பாருங்கள்

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் கப்ரேகர் (1905–1986). எண்களோடு விளையாடியே புகழ் பெற்றவர். நான்கு இலக்க எண் ஒன்றின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்து, வரும் விடைக்கும் அவ்வாறே செய்துகொண்டு போனால், ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும் என்று அவர் 1949இல் கண்டறிந்தார். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது; முன்னால் வரும் பூச்சியத்தை விடவும் கூடாது.

மூன்று இலக்க எண்ணுக்கு இதே முறையைச் செய்தால் 495இல் வந்து நிற்கும். இது எப்போதும் உண்மையா? இதை அறிய 900 எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. மேலே எழுதிய ஒன்பது விடைகளைச் சோதித்தாலே போதும். ஏன் போதும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.