தீவின் மண்ணை எடை போட்ட விஞ்ஞானி

கடலைக் கலக்கியது யார்? புயலா, உழவா, சாலையா?

கரிபியன் கடலில் செயின்ட் ஜான் என்று ஒரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. அமெரிக்காவுக்குச் சொந்தமான தீவு. அதன் பரப்பு சுமார் 50 சதுர கிலோ மீட்டர்தான்.

தீவு முழுவதும் மலை. மலை முழுவதும் காடு. காட்டின் காலடியில் வெள்ளை மணல். அதற்கு அப்பால் கண்ணாடி போன்ற கடல். அந்தக் கடலுக்கு அடியில் பவளப் பாறைகள்!

இந்த அழகைப் பார்ப்பதற்கென்றே பல நாடுகளிலிருந்தும் ஆண்டுதோறும் மக்கள் வருகிறார்கள்.

ஆனால் ஒரு பலத்த மழை பெய்துவிட்டால், சில விரிகுடாக்களில் காட்சி மாறிவிடும். கண்ணாடி போல் இருந்த நீர், பால் ஊற்றிய காப்பி போல் ஆகிவிடும். மலையின் மண் கடலில் கரைந்து மிதக்கும்.

இந்த மண் எங்கிருந்து வருகிறது? யார் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதில் தம் வாழ்க்கையின் பெரும் பகுதியைச் செலவிட்டவர் ஒரு விஞ்ஞானி. அவர் பெயர் கார்லோஸ் ராமோஸ் ஷரோன். டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் புவியியல் பேராசிரியர் ஆனவர். மழை, மண், சாலை - இந்த மூன்றுமே அவருடைய ஆராய்ச்சி.

கரும்பு போய்க் காடு வந்தது

முதலில் தீவின் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1718-ல் டென்மார்க் நாட்டவர் இந்தத் தீவில் குடியேறினார்கள். காட்டை வெட்டிக் கரும்பும் பருத்தியும் பயிரிட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். கொடுமை தாங்காமல் 1733-ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. தோட்டங்கள் படிப்படியாக அழிந்தன.

1917-ல் டென்மார்க், இந்தத் தீவையும் பக்கத்துத் தீவுகளையும் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது. விலை இரண்டரைக் கோடி டாலர்!

மனிதன் கைவிட்ட மலையில் மரங்கள் மறுபடியும் முளைத்தன. 1956-ல் தீவின் பெரும் பகுதி தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது.

ஆகவே, இன்று அங்கே பெரிய உழவும் இல்லை. காடு வெட்டுவோரும் அதிகம் இல்லை. பிறகு கடல் ஏன் கலங்க வேண்டும்?

மலை மேல் வீடு

தீவின் அழகு பரவப் பரவ, அங்கே வீடு கட்ட ஆசைப்பட்டவர்கள் பெருகினார்கள். கடலைப் பார்த்தபடி மலைச் சரிவில் வீடு! யாருக்குத்தான் ஆசை இருக்காது?

மேலே வீடு வேண்டுமானால், மேலே போகச் சாலையும் வேண்டும். புல்டோசர்கள் வந்தன. மலையின் விலாவை வெட்டினார்கள். மண் சாலைகள் போட்டார்கள். பலவற்றுக்குத் தாரும் இல்லை, சிமெண்டும் இல்லை. ஒழுங்கான வடிகாலும் இல்லை.

தீவின் சரிவுகளோ மிகச் செங்குத்தானவை.

கொலராடோ மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த லீ மெக்டொனால்டு என்ற பேராசிரியர்தான் இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர். அவரும் அவருடைய சகாக்களும் 1997-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். கடலுக்குப் போகும் மண்ணுக்கு இந்த மண் சாலைகளே முக்கியக் காரணம் என்று அதில் சுட்டிக்காட்டினார்கள்.

சுட்டிக்காட்டினால் போதுமா? ஒரு சாலையிலிருந்து எவ்வளவு மண் போகிறது? எந்தச் சாலை அதிகக் குற்றவாளி? எதை முதலில் சரி செய்ய வேண்டும்? இதற்கெல்லாம் கணக்கு வேண்டாமா?

அந்தக் கணக்கைப் போட வந்தார், அவருடைய மாணவர் ராமோஸ் ஷரோன்.

மண்ணுக்கு ஒரு பொறி

எலிக்குப் பொறி வைப்பார்கள். மண்ணுக்குப் பொறி வைப்பார்களா?

வைப்பார்கள்! சாலையில் ஓடி வரும் மழைநீர் எந்த இடத்தில் வெளியேறுகிறதோ, அந்த இடத்தில் ஒரு தடுப்பு அமைப்பார்கள். கலங்கல் நீர் அதில் வந்து தேங்கும். நீர் போய்விடும், மண் தங்கிவிடும். வீட்டில் காப்பி வடிகட்டும்போது தூள் தங்குகிறதே, அதே தத்துவம்தான்.

பிறகு அந்த மண்ணை அள்ளி எடை போட வேண்டும். ஈரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். அந்தச் சாலையின் நீளம், அகலம், சரிவு எல்லாவற்றையும் அளந்து எழுத வேண்டும். பெய்த மழையின் அளவையும் குறிக்க வேண்டும்.

இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல. 21 சாலைத் துண்டுகளில் பொறி வைத்தார்கள். நான்கு இடங்களில் மழைமானிகள் வைத்தார்கள். 1998 ஜூலையில் தொடங்கிய அளவு வேலை 2001 நவம்பர் வரை நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல்!

தொலைநோக்கி இல்லை, ராக்கெட் இல்லை. மண்வெட்டி, வாளி, தராசு, பொறுமை. இவைதாம் ஆயுதங்கள். விஞ்ஞானம் என்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தராசு சொன்ன கணக்கு

தராசு என்ன சொன்னது?

நூறு அடிக்கு இரண்டு அடி இறங்கும் மெதுவான சாலையில், ஒரு சதுர மீட்டரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 6 கிலோ மண் போகிறது. நூறு அடிக்கு 21 அடி இறங்கும் செங்குத்தான சாலையிலிருந்தோ சுமார் 58 கிலோ! ஏறக்குறையப் பத்து மடங்கு.

இதை இன்னும் விளங்கச் சொல்லலாம். மூன்று மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளம் உள்ள ஒரு செங்குத்தான மண் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் அது 17 டன் மண்ணை இழந்துவிடும்! ஒரு தெருவின் நீளம்கூட இல்லாத சாலை அது.

அதே மலையில், மனிதன் கை படாத காட்டுச் சரிவிலிருந்து போகும் மண் மிகமிகக் கொஞ்சம். சில சாலைகள் காட்டைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக மண்ணை இழந்தன.

ஏன் இந்த வித்தியாசம்? காட்டில் மழைத்துளி முதலில் இலையில் விழுகிறது. பிறகு சருகில் விழுகிறது. மெதுவாக மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. சாலையிலோ வண்டிச் சக்கரங்கள் மண்ணை இறுக்கிவிடுகின்றன. அதனால் சில மில்லிமீட்டர் மழை பெய்தாலே போதும்; நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடத் தொடங்கிவிடும். ஓடும் நீர் பொடி மண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. குண்டும் குழியுமான சாலையை யந்திரத்தால் சுரண்டிச் சமப்படுத்துகிறார்கள் அல்லவா? நல்ல வேலைதான். ஆனால் அப்படிச் சுரண்டிய சாலைதான் அதிக மண்ணை விட்டது! காரணம், சுரண்டும்போது புது மண் இளகிவிடுகிறது. அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போகிறது. நெடுநாள் சுரண்டாத சாலைகளில் அரிப்புக் குறைவாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்டுப் புல்லும் செடியும் மூடிய சாலைகளில் அது மிகவும் குறைந்துவிட்டது.

இந்த அளவுகளைக் கொண்டு அவர் 2004-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு மெக்டொனால்டுடன் சேர்ந்து, எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எவ்வளவு மண் கடலுக்குப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறையையும் உருவாக்கினார். மூன்று பள்ளத்தாக்குகளில் கணக்குப் பார்த்தார்கள். மண் சாலைகளால் கடலுக்குப் போகும் மண் 3 முதல் 9 மடங்கு வரை பெருகியிருந்தது!

பவளத்தின் மூச்சு

கொஞ்சம் மண் கடலில் விழுந்தால் என்ன, கடல் பெரியதுதானே என்று கேட்கலாம்.

பவளப் பாறை என்று சொல்கிறோமே தவிர, அது வெறும் பாறை அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடிக் கட்டிய வீடு அது. அந்த உயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது. அதில் ஒரு பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. குடியிருப்பவர் வாடகை கொடுப்பது போல!

நீர் கலங்கினால் ஒளி வராது. ஒளி வராவிட்டால் உணவு குறையும். மேலே விழும் மண்ணை ஒரு பசையால் வழித்துத் தள்ளவும் பவளம் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். மேலும், பவளக் குஞ்சு ஒட்டி வளரக் கெட்டியான இடம் வேண்டும். சேற்றின் மேல் அது ஒட்டாது.

பவளம் அழிந்தால் அதை அண்டி வாழும் மீன்கள் போகும். மீன் போனால் மீனவன் பிழைப்பு என்னவாகும்? அலையின் வேகத்தைத் தடுக்கும் அணையும் பவளப் பாறைதான். அது போனால் கரையும் போகும். மலை மேல் போட்ட சாலைக்கும் கடற்கரைக் குடிசைக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது.

கடல் வெப்பம் கூடுவதாலும் நோயாலும் கரிபியன் பவளங்கள் ஏற்கெனவே நலிந்திருக்கின்றன. அந்த நோயாளியின் மார்பில் மண் மூட்டையையும் ஏற்றி வைக்கலாமா?

மருந்து இருக்கிறது

மகிழ்ச்சி தரும் செய்தி இனிமேல்தான் வருகிறது. கடல் வெப்பத்தைக் குறைக்க உலகமே கூட வேண்டும். சாலை மண்ணைத் தடுக்கவோ ஓர் ஊர் கூடினால் போதும்!

தீவின் கிழக்குப் பக்கத்தில் கோரல் பே என்ற விரிகுடா இருக்கிறது. அங்கே மலைச் சரிவில் வீடுகளும் மண் சாலைகளும் அதிகம். 2009-ல் அமெரிக்க அரசின் நிதி உதவி கிடைத்தது. ஊர் மக்களின் அமைப்புகளும் கை கொடுத்தன. 2011 வரை திருத்த வேலைகள் நடந்தன. அதிக மண் விடும் சாலைத் துண்டுகளுக்குக் காரை போட்டார்கள். நீர் சாலையின் மேலேயே ஓடாமல் ஓரம் திரும்ப வடிகால் அமைத்தார்கள். கலங்கல் நீர் தேங்கித் தெளியக் குட்டைகள் வெட்டினார்கள்.

எங்கே வேலை செய்தால் பலன் அதிகம் என்று சொல்லத் தராசின் கணக்கு உதவியது. எல்லாச் சாலைக்கும் பணம் போதாது. ஆனால் பொல்லாத சாலை எது என்று தெரிந்துவிட்டால், உள்ள பணத்தை அதில் போடலாம் அல்லவா?

காப்பித் தோட்டத்திலும் அதே கதை

செயின்ட் ஜானுக்கு மேற்கே போர்ட்டோ ரிக்கோ என்ற பெரிய தீவு இருக்கிறது. அதன் மேற்கு மலைகளில் காப்பி விளைகிறது. ராமோஸ் ஷரோனின் ஆராய்ச்சி அங்கேயும் போயிற்று.

மண் அரிப்புக்குக் காப்பி பயிரிடுவோரைக் குறை சொல்வது வழக்கம். அவர் அளந்து பார்த்தார். காப்பிச் செடிகள் நிற்கும் நிலம் மழையைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டது. மண்ணை அதிகம் விட்டது தோட்டத்துக்குள் போடப்பட்ட வண்டிப் பாதைகள்! பாதை பிடித்திருக்கும் இடம் கொஞ்சம். அது விட்ட மண்ணோ மிக அதிகம்.

ஆக, விவசாயி செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. பாதையைச் சீர்படுத்தினால் பெரும் பயன் உண்டு.

புயல் வந்த நாள்

2017 செப்டம்பர் 20-ந் தேதி மரியா என்ற பயங்கரப் புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. கொட்டிய மழையில் மலைகள் சரிந்தன. விமானப் படங்களை வைத்து எண்ணியபோது, 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட மண் சரிவுகள் இருந்தன!

அந்தச் சரிவுகள் எவ்வளவு மண்ணைக் கிளப்பின, எங்கே அதிகம் விழுந்தன என்றும் ராமோஸ் ஷரோனும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களை ஒட்டிச் சரிவுகள் மிகுந்திருந்தன. இப்படிச் சரியும் மண் ஆற்றில் இறங்குகிறது; குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களைத் தூர்க்கிறது.

புயலை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் புயலுக்கு முன்பே மலையைக் காயப்படுத்தாமல் இருக்க முடியும்.

ஒரு பிடி மண்

சந்திரனிலிருந்து கொண்டுவந்த மண்ணை உலகமே வியந்து பார்த்தது. நம் வீட்டு வாசலில் மழையோடு ஓடும் மண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு மனிதர் அதைப் பார்த்தார். அள்ளினார். எடை போட்டார். ஆண்டுக் கணக்கில் எழுதி வைத்தார். அந்த எடையிலிருந்து ஒரு கடலின் நோய்க்குக் காரணம் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது.

மலை நாட்டில் சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். சாலை போடும் அன்றைக்கே அதற்கு ஒரு வடிகாலும் போடுங்கள் என்பதுதான் அந்தத் தராசு சொல்லும் புத்திமதி.