வாய் கொப்பளிக்கும் மருந்து: புட்டிக்குள் இருப்பவை யாவை?

பல் போனால் சொல் போச்சு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால் பல் ஒரே நாளில் போய்விடுவதில்லை. நம் வாயில் வாழும் கிருமிகள் பற்களின்மீது மெல்லிய படலமாகப் படிகின்றன. நாம் உண்ணும் இனிப்பை அவை அமிலமாக மாற்ற, அவ்வமிலம் பல்லின் மேலுறையான எனாமலை அரித்துச் சொத்தையை உண்டாக்குகிறது. ஈறும் வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசிகிறது, வாயும் நாறுகிறது. இவற்றிற்கெல்லாம் பரிகாரமென வண்ண வண்ணத் திரவங்கள் கடைகளில் விற்பனையாகின்றன. அவற்றில் அடங்கியவை யாவை, அவை எவ்வாறு பணிபுரிகின்றன என்பதை அறிந்தபின் வாங்குவதே விவேகம்.

நறுமண எண்ணெய்கள்

1879-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் லாரன்ஸ் ஒரு கிருமிநாசினியை உருவாக்கினார். அறுவைச் சிகிச்சையில் கிருமி ஒழிப்பைப் புகுத்திய ஆங்கில மருத்துவர் ஜோசப் லிஸ்டரைச் சிறப்பிக்கும் வகையில், அதற்கு 'லிஸ்டரின்' என்று பெயரிடப்பட்டது. அதிலுள்ள பொருள்களுள் சில நமக்குப் புதியவையல்ல. நம் ஓமத்தில் உள்ள தைமால், புதினா இனத்தின் மென்தால், யூகலிப்டஸ் தைலத்தின் சாரம், வலி தைலங்களில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆகிய நான்குமே அவை. இவை கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கின்றன. எண்ணெய் நீரில் கரையாதாகையால் சாராயம் சேர்க்கப்படுகிறது. இவ்வகைத் திரவங்கள் சிலவற்றில் அது 20 சதவிகிதத்துக்கும் மேல் உண்டு. வாய் வறட்சி உள்ளோர்க்கு அது ஆகாது. குழந்தைகள் குடித்துவிட்டாலோ பெருந்தீங்கு விளையும். சாராயம் கலவாதவையும் கிடைக்கின்றன.

குளோர்ஹெக்சிடின்

ஈறு நோய்க்குப் பல் மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் இதுவே. 0.12 அல்லது 0.2 சதவிகித அளவில் இது கலக்கப்படுகிறது. நேர் மின்னேற்றம் கொண்ட இம்மருந்து, எதிர் மின்னேற்றம் கொண்ட கிருமிகளின் சுவரைப் பற்றி அழிக்கிறது. பற்களிலும் ஈறுகளிலும் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் சிறிது சிறிதாகக் கசிந்து வேலை செய்வது இதன் சிறப்பு. எனினும், நெடுநாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும், நாச்சுவை மாறும். ஆகவே மருத்துவர் குறித்த நாள்களுக்கு மேல் இதனைத் தொடரலாகாது. பற்பசையின் நுரைப்பொருள் இதன் வலிமையைக் குறைக்குமாதலால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும்.

ஃபுளோரைடும் துத்தநாகமும்

சோடியம் ஃபுளோரைடு, அமிலத்தால் எனாமல் இழந்த தாதுப்பொருள் மீண்டும் படிய உதவுகிறது; சொத்தையைத் தடுக்கிறது. அன்றாடம் கொப்பளிக்கும் திரவங்களில் இது 0.05 சதவிகிதமே இருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இதனை விழுங்கிவிடக் கூடுமாதலால் அவர்களுக்குக் கொடுத்தல் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுதியாக உள்ள ஊர்கள் உண்டு. அங்கு வாழ்வோர் மருத்துவரைக் கேளாமல் இதனை வாங்கலாகாது. துத்தநாக உப்புகளோ, வாய் நாற்றத்திற்குக் காரணமான கந்தகச் சேர்மங்களைப் பிணைத்து நாற்றத்தைத் தணிக்கின்றன.

எளியோரின் மருந்து

ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. பல் பிடுங்கிய மறுநாள் முதல் இதமாகக் கொப்பளிக்க இதுவே போதும் என்று மருத்துவர்களே கூறுவதுண்டு. கைப்பொருள் செலவின்றி எந்த இல்லத்திலும் கிடைப்பது இது.

நோயை மறைக்க வேண்டாம்

எந்தத் திரவமும், பல்லோடு ஒட்டிய படலத்தைப் பிரஷ்ஷைப் போல் தேய்த்து அகற்றாது; இறுகிய காரையைக் கரைக்காது. இவை துணையேயன்றித் துலக்குதலுக்கு ஈடல்ல. இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. வாயின் நறுமணம், உள்ளிருக்கும் நோயை மறைத்துவிடும். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பெரியோரும், பீடி, சிகரெட் பிடிப்போரும் நம் குடும்பங்களில் இருக்கின்றனர். அவர்கள் வாயில் இரண்டு வாரங்களுக்கு மேலும் ஆறாத புண்ணோ, வெண்ணிறத் திட்டோ செந்நிறத் திட்டோ தோன்றினால், அதனைக் கொப்பளித்து ஆற்ற முயல்வது பேதைமை. அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக் கூடும். தொடக்கத்திலேயே கண்டால் குணமாக்கும் வாய்ப்பு மிகுதி.

எனவே காலையும் இரவும் பல் துலக்குவோம், இனிப்பைக் குறைப்போம். புட்டியை வாங்குமுன் அதன் சீட்டைப் படிப்போம். ஆறாத புண் இருப்பின், புட்டியை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் செல்வோம்.