விற்கும் வீட்டின் படுக்கையறை

கோலார் தங்கவயல் லைன் வீடுகளில் படுக்கையறை என்று தனியே இருந்ததில்லை. சமையலும் உறக்கமும் ஒரே அறையில்தான். இரவு ஷிப்டு முடிந்தவர் பகலில் உறங்க, பிள்ளைகள் வாசலில் படிப்பார்கள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், பலர் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் சென்று வேலை பார்க்கின்றனர். அங்கேயே குடியேற எண்ணி, ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ உள்ள சொந்த வீட்டை விற்க முற்படுவோர் படுக்கையறையைச் சற்றுக் கவனிக்கலாம். கொடித் துணிகளும் டிரங்குப் பெட்டிகளும் அகன்றாலே அறை பெரிதாகத் தெரியும். ஜன்னலை மறைக்கும் பீரோவை நகர்த்தி, வெள்ளையடித்து, ஒரு கட்டிலும் துவைத்த விரிப்பும் போட்டால் போதும். புதுத் திரைச்சீலைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

ஆனால், சுவர் விரிசல் மேல் காலண்டர் மாட்டாதீர்கள். சுரங்கத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் அதிர்ந்த ஊர் இது. வாங்க வருபவர் இவ்வூர்க்காரராயின், காலண்டரைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார்.