தூரிகை ஏந்திய பெண்கள்

நுழையும்முன்

ஒரு காலத்தின் கலையை அறிய விழைவோர், அக்காலத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் காண்பர். அவற்றைப் படைத்தோரின் பெயர்களைத் தேடுவர். ஐரோப்பாவின் இடைக்காலத்தையும் அதனைத் தொடர்ந்த மறுமலர்ச்சிக் காலத்தையும் இவ்வாறு நோக்கினால், பெண்களின் பெயர்கள் மிகச் சிலவே கிடைக்கின்றன. பெண்கள் படைக்கவில்லையா? அல்லது அவர்கள் படைத்தவை அவர்தம் பெயரால் நினைக்கப்படவில்லையா? இவ்வினாவிற்கான விடை, கலையைப் பற்றியது மட்டுமன்று, வாய்ப்பைப் பற்றியதுமாகும்.

மடங்களில் மலர்ந்த கல்வி

இடைக்கால ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் ஆண்களுக்கே உரியவையாக இருந்தன. பெண்கள் எழுத்தறிவும் நூலறிவும் பெறுவதற்கு வாய்த்த சிறந்த இடம் கன்னியர் மடமே. செருமனியில் 1098இல் பிறந்த ஹில்டெகார்ட், இளமையிலேயே துறவற வாழ்வில் சேர்க்கப்பட்டார். பின்னாளில் பிங்கென் நகருக்கு அருகில் தமக்கென ஒரு மடத்தை நிறுவி, அதன் தலைவியாக விளங்கினார். எழுபதுக்கும் மேற்பட்ட இசைப்பாடல்கள், ஓர் இசை நாடகம், செடிகொடிகளின் மருத்துவப் பயன் குறித்த நூல் எனப் பல துறைகளில் அவர் படைப்புகளை வழங்கினார். பேரரசருக்கும் திருத்தந்தையருக்கும் மடல் எழுதி அறிவுரை கூறும் துணிவும் அவருக்கு இருந்தது.

மடங்களில் தோல் ஏடுகளில் நூல்களைப் படியெடுப்பதும் அவற்றை வண்ண ஓவியங்களால் அழகுபடுத்துவதும் நடைபெற்றன. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குடா என்னும் துறவி, தாம் எழுதி ஓவியம் தீட்டிய சமய நூலொன்றில், ஒரு முதலெழுத்தின் வளைவுக்குள் தம் உருவத்தையே வரைந்து, இந்நூலை எழுதித் தீட்டியவர் தாமே எனவும் குறித்துள்ளார். ஆயினும், இவ்வாறு தம் பெயரைப் பொறித்தோர் மிகச் சிலரே.

பெயர் அறியப்படாத ஒருவரின் கதையை அறிவியல் வெளிக்கொணர்ந்தது. செருமனியின் டால்ஹெய்ம் என்னுமிடத்தில், பெண் துறவியர் மடத்தின் இடுகாட்டில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் பற்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். பல்லில் படிந்து இறுகிய கறைக்குள் நீலநிறத் துகள்கள் காணப்பட்டன. அவை லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லின் பொடி. அக்காலத்தில் அக்கல் ஆப்கானித்தானத்திலிருந்து மட்டுமே ஐரோப்பாவை அடைந்தது. பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்டது. சிறந்த கைத்திறன் உடையோரிடமே அத்தகைய வண்ணம் ஒப்படைக்கப்படும். தூரிகையின் முனையைக் கூராக்க அதை உதட்டில் வைத்து ஈரப்படுத்தும் பழக்கத்தால் அத்துகள்கள் பல்லில் படிந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2019இல் இவ்வாய்வு வெளியாயிற்று. அப்பெண் தீட்டிய ஏடு எது என்பது தெரியாது. அவர் பெயரும் தெரியாது. அவருடைய உழைப்பின் சான்று பல்லில் மட்டுமே எஞ்சியது.

நகரங்களும் தொழிற்குழுக்களும்

மடத்திற்கு வெளியே நகரங்களிலும் பெண்கள் உழைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத் தொழிற்குழுக்களின் விதிகள் தொகுக்கப்பட்டன. அவற்றுள் பட்டுநூல் நூற்றல் போன்ற சில தொழில்களின் குழுக்கள் முழுமையும் பெண்களால் ஆனவை. செருமனியின் கொலோன் நகரிலும் நூல் நூற்பவர்களும் பட்டு நெய்பவர்களும் தமக்கெனக் குழுக்கள் அமைத்திருந்தனர். பல நகரங்களில், கணவனை இழந்த பெண் அவனது தொழிற்கூடத்தைத் தொடர்ந்து நடத்தலாம். 14ஆம் நூற்றாண்டுப் பாரிசில், பூர்கோ என்பவர் தம் தந்தையுடன் இணைந்து ஏட்டோவியக் கலைஞராகப் பணியாற்றினார்.

எனினும், இவ்வுரிமைகளுக்கு எல்லை இருந்தது. 1322இல் ஜாக்கோபா ஃபெலிசி என்னும் பெண், உரிமம் இன்றி மருத்துவம் செய்தார் என்று பாரிசில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவரால் நலம் பெற்றோர் அவருக்கு ஆதரவாகச் சாட்சி கூறினர். ஆயினும் அவர் மருத்துவம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. உரிமம் பெறப் பல்கலைக்கழகக் கல்வி வேண்டும். பல்கலைக்கழகமோ பெண்களைச் சேர்க்காது. திறமை இருந்தும் கதவு மூடியிருந்த நிலையை இது காட்டுகிறது.

எழுதுகோலால் வாழ்ந்தவர்

வெனிசு நகரில் 1364இல் பிறந்த கிறிஸ்டின் டி பிசான், பிரெஞ்சு மன்னரின் அவையில் பணியாற்றிய தந்தையுடன் பாரிசில் வளர்ந்தார். பதினைந்தாம் வயதில் மணமுடித்த அவர், இருபத்தைந்தாம் வயதில் கணவரை இழந்தார். மூன்று குழந்தைகளையும் தாயையும் காக்கும் பொறுப்பு அவர்மேல் வீழ்ந்தது. எழுத்தையே தொழிலாகக் கொண்டு அவர் குடும்பத்தைக் காத்தார். பெண்களை இழிவுபடுத்திய நூல்களுக்கு மறுப்பாக, 1405இல் ‘பெண்களின் நகரம்’ என்னும் பொருள்படும் நூலைப் படைத்தார். பெண்மக்களையும் ஆண்மக்களைப் போலவே பள்ளிக்கு அனுப்பினால் அவர்களும் அனைத்துக் கலைகளையும் கற்றுத் தேர்வர் என்பது அந்நூலில் அவர் நிறுவும் கருத்து. அனஸ்தாசியா என்னும் ஏட்டோவியக் கலைஞரின் திறத்தையும் அதில் போற்றியுள்ளார். ஒரு பெண் எழுதியதனாலேயே மற்றொரு பெண்ணின் பெயர் நிலைபெற்றது.

மறுமலர்ச்சியும் மூடிய கதவுகளும்

மறுமலர்ச்சிக் காலம் தனிமனித ஆற்றலைக் கொண்டாடிய காலம். கலைஞன் கைவினைஞன் என்னும் நிலையிலிருந்து உயர்ந்து, அறிஞனாக மதிக்கப்பட்டான். ஆனால் அம்மதிப்பைப் பெறுவதற்குரிய வழிகள் பெண்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. ஓவியம் கற்க விரும்பும் சிறுவன் ஆசிரியரின் கூடத்தில் பல்லாண்டுகள் தங்கிப் பயில்வான்; சிறுமிக்கு அது மறுக்கப்பட்டது. மனித உடலமைப்பை நேரில் கண்டு வரைதலும் பெண்களுக்குத் தகாததெனக் கருதப்பட்டது. எனவே, தந்தை ஓவியராக இருந்தாலோ, குடும்பம் துணைநின்றாலோ, மடம் இடமளித்தாலோ மட்டுமே பெண்கள் தூரிகை ஏந்த முடிந்தது.

இத்தாலியின் கிரெமோனா நகரில் பிறந்த சோபோனிஸ்பா ஆங்குயிசோலாவிற்குத் தந்தையின் ஊக்கம் கிடைத்தது. மகளின் திறமை குறித்து அவர் மைக்கலாஞ்சலோவிற்கே மடல் எழுதினார். வெளியுலகக் காட்சிகளை வரைய வாய்ப்பில்லாத சோபோனிஸ்பா, வீட்டையே தம் களமாக்கினார். தம் தங்கையர் சதுரங்கம் ஆடுவதை 1555இல் அவர் தீட்டிய ஓவியம் இன்றும் போற்றப்படுகிறது. 1559இல் அவர் எசுப்பானிய அரசவைக்கு அழைக்கப்பட்டார். ஆயினும் அங்கு அவருக்கு அளிக்கப்பட்ட பதவி அரசியின் தோழி என்பதே. அரசவை ஓவியர் என்பதன்று. அவர் தீட்டிய இரண்டாம் பிலிப் மன்னரின் உருவப்படம், நெடுங்காலம் ஆண் ஓவியர் ஒருவரின் படைப்பாகவே கருதப்பட்டது.

பொலோனா நகரின் லவீனியா ஃபோன்டானா, ஓவியரான தம் தந்தையிடம் பயின்றார். திருமணத்திற்குப் பின்னும் அவர் ஓவியத்தொழிலைத் தொடர்வார் என்பது 1577இல் நடந்த அவரது திருமணத்தின்போதே ஒப்புக்கொள்ளப்பட்டது. பதினொரு குழந்தைகளைப் பெற்ற அவரது வருவாயே குடும்பத்தைத் தாங்கியது. கணவர் அவருக்கு உதவியாளராக இருந்தார்.

புளோரன்சு நகரத் துறவியான புளோட்டில்லா நெல்லி, முறையான ஆசிரியர் இன்றி, பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்தே கற்றார். இயேசுவின் இறுதி இராவுணவை 6 மீட்டருக்கும் மிகுந்த நீளமுடைய பேரோவியமாகத் தீட்டினார். ஆண்களைப் போலப் பயிலவும் உயிருள்ள உருவங்களைக் கண்டு வரையவும் வாய்ப்பிருந்திருந்தால் அவர் வியத்தகு படைப்புகளை ஆக்கியிருப்பார் என்று, அக்காலக் கலை வரலாற்றாசிரியர் வசாரியே குறிப்பிட்டுள்ளார். குறை திறமையில் இல்லை, பயிற்சி வாய்ப்பில்தான் இருந்தது என்பதை அக்காலத்தவரே அறிந்திருந்தனர்.

மறதியும் மீட்பும்

புளோரன்சில் 1563இல் தோன்றிய ஓவியக் கழகம், ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்னும் பெண்ணை 1616இல்தான் முதன்முதலாக உறுப்பினராக ஏற்றது. அதன்பின்னும் பெண் கலைஞர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் மங்கியே இருந்தன. பெரும்புகழ் பெற்ற பெண் கலைஞர்கள் ஏன் இல்லை என்ற வினாவை 1971இல் எழுப்பிய லிண்டா நோக்லின், அதற்கான காரணத்தைப் பெண்களின் இயல்பில் அன்றி, கல்வி நிறுவனங்களின் அமைப்பில் தேடவேண்டும் என்றார். பெண்களுக்கு மறுமலர்ச்சி இருந்ததா என்று 1977இல் ஜோன் கெல்லி வினவினார். இவ்வினாக்கள் வரலாற்றை மீண்டும் படிக்கத் தூண்டின. நெல்லியின் பேரோவியம் சீரமைக்கப்பட்டு, 2019இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

பெயர் இல்லாமையால் உழைப்பே இல்லை என்று கருதுதல் தவறு. திறமை எங்கும் பிறக்கிறது. அது வெளிப்படக் கல்வியும் பயிற்சியும் மதிப்பும் வேண்டும். அவை மறுக்கப்பட்டபோது இழப்பு பெண்களுக்கு மட்டும் நேரவில்லை. தீட்டப்படாமற்போன ஓவியங்களை மனித குலமும் இழந்தது. கடந்தகாலத்தின் மூடிய கதவுகளை அறிவோர், தம் காலத்தில் எக்கதவுகள் இன்னும் மூடியுள்ளன என்பதையும் காணக் கற்பர்.